1963இன் போர்ஷேயை முந்தும் குடும்ப வேன்

ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1963ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்த சர்வதேச மோட்டார் வாகனக் கண்காட்சியில், போர்ஷே நிறுவனம் 901 என்ற புதிய கார் ஒன்றைப் பார்வைக்கு வைத்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரான்சில் தனக்கு உரிமை உண்டு என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால், அடுத்த ஆண்டே அதன் பெயர் 911 என்று மாற்றப்பட்டது. அந்தப் பெயரில் இன்றும் கார்கள் தயாராகின்றன. வேகக் கார் என்ற சொல்லைக் கேட்டவுடன் உலகில் பலரின் மனதில் தோன்றும் உருவம் அந்தக் காருடையதுதான்.

அந்த முதல் 911இன் உச்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 9.1 விநாடிகள் பிடித்தன. அறுபதுகளில் இவை வியப்புக்குரிய எண்கள்.

இன்று பிராங்பேர்ட் விமான நிலையத்தின் வருகை வாயிலில், பெட்டிகளுடன் வந்திறங்கும் குடும்பங்களை ஏற்றிச் செல்ல வரிசையில் நிற்கும் வாகனங்களில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் வி வகுப்பு வேன்களும் அடக்கம். 2019ஆம் ஆண்டு அறிமுகமான வி 300 டி என்ற அதன் டீசல் வடிவம், எட்டு விநாடிகளுக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அதன் உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். அதாவது, தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் அமர்ந்து செல்லும் ஒரு வேன், 1963இன் புகழ்பெற்ற வேகக் காரைக் காகிதக் கணக்கில் இரண்டு வகையிலும் முந்திவிடுகிறது.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஒப்பீடு, கடந்த அறுபது ஆண்டுகளில் மோட்டார் வாகனத்திற்கு என்ன நேர்ந்தது என்பதை நன்றாகவே விளக்குகிறது. அதில் வேகம் ஒரு சிறு பகுதிதான்.

ஒரே கொள்ளளவு

இரண்டு வாகனங்களின் எந்திரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு கொண்டவை என்பதே இந்த ஒப்பீட்டின் சுவையான பகுதி. முதல் 911இன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எந்திரத்தின் கொள்ளளவு 1991 கன சென்டிமீட்டர். வி 300 டி வேனின் நான்கு சிலிண்டர் டீசல் எந்திரத்தின் கொள்ளளவு 1950 கன சென்டிமீட்டர், அதாவது சற்றே குறைவு. ஆனால் முன்னது 130 குதிரைத்திறனையும், பின்னது 239 குதிரைத்திறனையும் தருகின்றன. சக்கரத்தைத் திருப்பும் ஆற்றலான முறுக்குவிசையில் வேறுபாடு இன்னும் பெரிது. பழைய காரில் அது 174 நியூட்டன் மீட்டர், வேனில் 500.

911இன் எந்திரம் காற்றால் குளிர்விக்கப்பட்டது. கார்புரேட்டர்கள் பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்பின. முழுத் திறனையும் பெற வேண்டுமானால் எந்திரத்தை நிமிடத்திற்கு 6100 சுழற்சிகள் வரை விரட்ட வேண்டும். அந்த இரைச்சலைக் கேட்பதற்காகவே அக்காரை வாங்கியவர்கள் உண்டு. நவீன டீசல் எந்திரம் வேறு வழியில் செல்கிறது. வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே சுழலும் டர்போ, காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இதனால் குறைந்த சுழற்சியிலேயே பெரும் இழுவிசை கிடைக்கிறது. ஒன்பது கியர்களை வேனே மாற்றிக்கொள்கிறது. ஓட்டுநர் கால் வைத்தால் போதும்.

1963ஆம் ஆண்டில் ஒரு வேன் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது ஜெர்மனியச் சாலைகளில் எங்கும் காணப்பட்ட ஃபோக்ஸ்வாகன் சிற்றுந்து, ஹனோவர் நகரில் தயாரானது. அவ்வாண்டு அதற்குக் கிடைத்த புதிய 1500 எந்திரத்தின் திறன் 42 குதிரைத்திறன். நல்ல சமதளச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும். 911ஓ அதைப்போல் இருமடங்கு வேகத்தில் பறந்தது.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை வடிவமைத்தவர் ஃபெர்டினான்ட் போர்ஷே. அக்காரின் உறுப்புகளைக் கொண்டு பிறந்ததே அந்தச் சிற்றுந்து. 911ஐ வடிவமைத்தவர் அவருடைய பேரன் ஃபெர்டினான்ட் அலெக்சாண்டர் போர்ஷே. சிற்றுந்துக்கும் வேகக் காருக்கும் எந்திரம் பின்பக்கத்திலேயே இருந்தது, இரண்டும் காற்றாலேயே குளிர்விக்கப்பட்டன. ஒன்று பணக்காரப் பிள்ளையாகவும் மற்றொன்று உழைப்பாளிப் பிள்ளையாகவும் வளர்ந்தன என்று சொல்லலாம்.

வாலை வீசும் கார், காற்றில் சாயும் வேன்

எண்களை வைத்துக்கொண்டு வேன் சிறந்தது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் வளைவுகளில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. அங்கேதான் உண்மையான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

முதல் 911 ஏறத்தாழ 1080 கிலோ எடை கொண்டது. அதன் எந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. வளைவில் வேகமாகச் செல்லும் ஓட்டுநர், பயந்துபோய்த் திடீரெனக் காலை எடுத்தால், எடை முன்னோக்கிச் சரியும். பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பின்னால் இருக்கும் கனமான எந்திரம் ஊசல்போல் வெளிப்பக்கம் வீசும். கார் சுழன்றுவிடும். அச்சத்தில் மனிதன் இயல்பாகச் செய்யும் செயலே அவனுக்கு எதிராகத் திரும்பியது. தேர்ந்த ஓட்டுநர்கள் இந்தக் குணத்தைக் கையாளக் கற்றுக்கொண்டு பந்தயங்களை வென்றார்கள். மற்றவர்களில் பலர் சாலையோர மரங்களில் போய் முடிந்தார்கள்.

போர்ஷே நிறுவனம் இதை அறிந்தே இருந்தது. தொடக்ககாலக் கார்களின் முன்பக்க பம்பருக்குள் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ இரும்புக் கட்டிகளை வைத்து, முன்பக்கத்தைக் கனமாக்கியது. பொறியியல் பெருமைக்குப் பேர்போன ஒரு நிறுவனம் எடைக்கற்களை நாடியது சற்று வியப்புக்குரியதே. பின்னர் 1968இல் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டியபோதுதான் நிலைமை ஓரளவு சீரானது.

வேனின் சிக்கல் வேறு வகை. அது உயரமானது. அதன் புவியீர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கிறது. திடீரெனத் திருப்பினால் சாயும், அகன்ற பக்கச் சுவரில் காற்று மோதினால் ஒதுங்கும்.

பக்கக் காற்று என்ன செய்யும் என்பதைப் பிராங்பேர்ட் அனுபவித்தே அறிந்திருக்கிறது. பிராங்பேர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையே 1935ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலையில், 1938 ஜனவரி 28ஆம் நாள் காலை வேகச் சாதனை முயற்சிகள் நடந்தன. மெர்சிடிஸ் பென்ஸ் காரில் ருடால்ஃப் கரச்சியோலா மணிக்கு 432 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தை எட்டினார். அதை முறியடிக்கப் புறப்பட்ட ஆட்டோ யூனியன் வீரர் பெர்ன்ட் ரோசமையரின் கார் சாலையை விட்டு விலகிச் சிதறியது. அவருக்கு அப்போது வயது 28. காட்டின் இடைவெளியில் வீசிய பக்கக் காற்றே காரணம் என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. மோர்ஃபெல்டன் அருகே அச்சாலையோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் வாகனங்கள் அதைக் கவனிக்காமல் கடந்து செல்கின்றன.

அதே சாலையில் இன்று வேகமாகச் செல்லும் வி வகுப்பு வேனைப் பக்கக் காற்று தாக்கினால், அதன் உணர்கருவிகள் விலகலை நொடிப்பொழுதில் அறிகின்றன. காற்று வீசும் பக்கத்துச் சக்கரங்களில் மட்டும் பிரேக் தானாக இயங்கி, வேனைத் தன் பாதைக்குத் திருப்புகிறது. ஓட்டுநருக்கு ஓர் அசைவு மட்டுமே தெரியும். 2014ஆம் ஆண்டு வி வகுப்பு அறிமுகமானபோதே இவ்வசதி அதில் இருந்தது.

இதற்கு அடிப்படை, மின்னணு நிலைப்படுத்தும் கருவி. ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகிறார், வாகனம் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற இரண்டையும் அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. 1995இல் விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரில் அறிமுகமான இக்கருவி, அத்தகைய கார்களோடு நின்றுபோயிருக்கக்கூடும். ஆனால் 1997இல் அதே நிறுவனத்தின் சிறிய ஏ வகுப்புக் கார், சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர்கள் நடத்திய சோதனையில் திடீர்த் திருப்பத்தின்போது கவிழ்ந்தது. அந்த அவமானத்தைத் துடைக்க, அக்கார்கள் அனைத்திலும் இக்கருவியை நிறுவனம் பொருத்தியது. அதன்பின் பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம்.

911 தன் ஓட்டுநரிடம் திறமையைக் கோரியது. வேன் அவ்வாறு கோருவதில்லை. தூக்கக் கலக்கத்துடன், பின் இருக்கையில் அழும் குழந்தையுடன், மழையில் ஓட்டுபவரையும் அது கூடியவரை காப்பாற்றப் பார்க்கிறது.

உயிர்களின் கணக்கு

இந்த வேறுபாட்டின் பொருளை அறியச் சாலை விபத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1970ஆம் ஆண்டில் மேற்கு, கிழக்கு ஜெர்மனிகள் இரண்டிலும் சேர்த்துச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 21,332 பேர். 2022இல் ஒன்றுபட்ட ஜெர்மனியில் அந்த எண்ணிக்கை 2,788. வாகனங்களோ இதற்கிடையில் பன்மடங்கு பெருகியிருந்தன.

தொழில்நுட்பம் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. நகரங்களுக்கு வெளியே சாதாரணச் சாலைகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்ற வரம்பு 1972இல் வந்தது. முன் இருக்கைகளில் வார்ப்பட்டை அணிவது 1976இல் கட்டாயமானது. ஆனால் அணியாதவர்களுக்கு அபராதம் இல்லாததால் பலர் அலட்சியம் செய்தனர். 1984இல் அபராதம் விதிக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலோர் பட்டையை மாட்டினர். வார்ப்பட்டை மனிதனைக் கட்டிப்போடுகிறது என்று எழுபதுகளில் எழுந்த எதிர்ப்பு, இன்று ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பொதுவான வேக வரம்பு கூடாது என்று எழும் குரலை நினைவூட்டுகிறது. அங்கு மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது 1978 முதல் பரிந்துரை மட்டுமே, சட்டம் அல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இந்த எண்களோடு ஒப்பிட நெருக்கமான ஓர் எண் உண்டு. தமிழகத்தின் மக்கள்தொகை ஜெர்மனியைவிடச் சற்றே குறைவு. வாகன வேகங்களும் குறைவு. ஆனால் 2022இல் தமிழகச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 17,884 பேர் என்று இந்திய மத்திய அரசின் கணக்கு கூறுகிறது. இறப்பவர்களில் பெரும்பகுதியினர் இருசக்கர வாகனங்களில் செல்வோரும் நடந்து செல்வோரும் என்பதால், வேனைப் பாதுகாப்பாக்கினால் மட்டும் அந்த எண் இறங்கிவிடாது. எனினும், 1970இன் ஜெர்மனி இருந்த இடத்துக்கு அருகே இன்றைய தமிழகம் நிற்கிறது. ஜெர்மனி அங்கிருந்து வெளியேற அரை நூற்றாண்டு ஆனது.

கூடிய எடை

வேன் எதையும் இலவசமாகத் தரவில்லை. பாதுகாப்பும் வசதியும் எடையாகவே வந்து சேர்ந்துள்ளன. வி 300 டி வேனின் எடை இரண்டு டன்னுக்கு மேல். 2019 பிராங்பேர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதன் மின்சார வடிவமான ஈகியூவி ஏறத்தாழ 2.9 டன். அதாவது, முதல் 911ஐப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். 911 வெறும் 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களில் ஓடியது. பிராங்பேர்ட்டுக்கு வடக்கேயுள்ள டவுனஸ் மலையின் குறுகிய வளைவுச் சாலைகளில், திறமையான ஒருவர் பழைய காரை ஓட்டினால், வேன் அதைப் பிடிப்பது கடினமே. எடையை நேர்க்கோட்டில் தள்ளுவதற்கு எந்திரம் போதும். வளைவில் திருப்புவதற்கு இயற்பியல் விதிகளோடு போராட வேண்டியிருக்கிறது.

பருமனும் ஒரு சிக்கல். முதல் 911இன் அகலம் 161 சென்டிமீட்டர். ஃபோக்ஸ்வாகன் 2022இல் வெளியிட்ட ஐடி பஸ் என்ற மின்சார வேனின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 198 சென்டிமீட்டருக்கும் மேல். பழைய கார்களுக்காகக் கட்டப்பட்ட நிலத்தடி வாகன நிறுத்தங்களில் இத்தகைய வேனை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பது தனிக் கலை.

ஆனால் அந்த ஐடி பஸ் ஒரு வியப்பையும் வைத்திருக்கிறது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத் திறனை அளக்கும் குணகம், வழுக்கிச் செல்லும் தோற்றமுடைய முதல் 911க்கு ஏறத்தாழ 0.38. பெட்டிபோல் தோன்றும் ஐடி பஸ்ஸுக்கு 0.285. எண் குறைவாக இருப்பதே நல்லது. கண்ணுக்கு வேகமாகத் தெரிவது வேறு, காற்றுக்கு இணக்கமாக இருப்பது வேறு. என்றாலும் வேனின் முகப்புப் பரப்பு மிகப் பெரிது என்பதால், மொத்தத்தில் அது அதிகக் காற்றையே தள்ள வேண்டியிருக்கிறது. வேகம் இருமடங்கானால் அதற்கு வேண்டிய திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் மின்கலத்தைக் காக்க, 340 குதிரைத்திறன் கொண்ட ஐடி பஸ் ஜிடிஎக்ஸ் வேனின் வேகம்கூட 160 கிலோமீட்டரில் நிறுத்தப்படுகிறது. மின்சார யுகத்தில் வேகக் கார் தன் பழைய மரியாதையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது.

சட்டம் யார் பக்கம்?

இரண்டு வாகனங்களையும் ஜெர்மனியச் சட்டம் நடத்தும் விதத்தில்தான் இந்த ஒப்பீடு குடும்பங்களின் பணப்பையைத் தொடுகிறது.

முப்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் நல்ல நிலையில் பேணப்படும் வாகனங்களுக்கு, 1997 முதல் எண்பலகையின் இறுதியில் 'எச்' என்ற எழுத்து வழங்கப்படுகிறது. வரலாற்றுச் சின்னம் என்பது அதன் பொருள். எந்திரம் எவ்வளவு பெரியதாயினும் இத்தகைய காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. வி 300 டி வேனுக்கு எந்திரக் கொள்ளளவுக்கான வரியே 190 யூரோ. கரியமில வாயு உமிழ்வுக்கான வரி அதன்மேல் தனியாகச் சேர்கிறது. புகையைத் தூய்மையாக்கும் கருவி எதுவும் இல்லாத 911, 2008இல் பிராங்பேர்ட்டில் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் வலயத்திற்குள் தடையின்றி நுழையலாம். 'எச்' எழுத்து இருந்தால் பச்சை வில்லை தேவையில்லை.

டீசல் வேன்களுக்கோ நெருக்கடி வந்தது. 2015 செப்டம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் உமிழ்வுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளைப் பயன்படுத்தியதை அமெரிக்க அதிகாரிகள் அம்பலப்படுத்தினர். அதைத் தொடர்ந்த வழக்குகளின் தொடர்ச்சியாக, பிராங்பேர்ட்டில் யூரோ 4 தரமும் அதற்கு முந்தியதுமான டீசல் வாகனங்களை 2019 பிப்ரவரி முதல் தடை செய்ய வேண்டும் என்று வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் தலையிட்டதால் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை.

ஆயினும் அந்த மாதங்களில் கவலைப்பட்டவர்கள் யார் என்பது கவனத்திற்குரியது. பத்து ஆண்டுப் பழைய டீசல் வேனை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சிறு வணிகர்கள், கைவினைஞர்கள், பெரிய குடும்பத்தினர். வாகனக் கூடத்தில் போர்ஷே வைத்திருப்பவர்களுக்கு அக்கவலை எழவில்லை. பழைய கார்கள் ஆண்டுக்கு மிகக் குறைந்த தூரமே ஓடுகின்றன, அவற்றின் புகை மொத்தக் கணக்கில் அற்பம் என்று சேகரிப்பாளர்கள் வாதிடுகின்றனர். அது உண்மையே. ஆனால் அதிகம் ஓடுவது வேனின் குற்றம் அல்ல, அதன் வேலையே அதுதான்.

தேய்ந்து போகும் வாகனம்

புலம்பெயர்ந்த தமிழர்களின் வாழ்வில் வேனுக்கு உள்ள இடத்தைப் பார்க்க விரும்புபவர், கோடையில் ஹாம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழாவன்று அங்கே வாகனங்கள் நிறுத்தப்படும் இடங்களுக்குச் செல்லலாம். 2002இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலுக்குப் பல நாடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருபவர்களில், ஏழு, எட்டு இருக்கைகள் கொண்ட வாகனங்களில் வருவோர் பலர். சோற்றுப் பாத்திரங்களும் பட்டுச் சேலைப் பைகளும் இரண்டு இருக்கைக் காரில் அடங்குவதில்லை.

தாயகத்தில் ஓடும் வேன்களிலும் ஜெர்மனியின் சாயல் உண்டு. தமிழகத்தில் திருமணத்திற்கும் சபரிமலைப் பயணத்திற்கும் அமர்த்தப்படும் டெம்போ டிராவலர், மெர்சிடிஸ் நிறுவனம் 1977 முதல் 1995 வரை ஜெர்மனியில் தயாரித்த வேனின் வழித்தோன்றல். பெயரிலுள்ள டெம்போ, ஹாம்பர்க் நகரில் இயங்கி மறைந்த ஒரு ஜெர்மனிய வாகன நிறுவனத்தின் பெயர். 1958இல் இந்திய நிறுவனம் ஒன்றுடன் ஏற்பட்ட கூட்டுறவின் வழியே அது இந்தியாவுக்கு வந்து, பின்னர் சிறு சரக்கு வண்டிகளுக்கே பொதுப் பெயராகிவிட்டது. அந்தச் சொல் ஜெர்மன் மொழியில் வேகத்தைக் குறிக்கும் என்பது, பழனி சாலையில் டெம்போவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம்.

901 என்ற பெயரில் தயாரான தொடக்ககாலக் கார்களில் ஒன்று, துருப்பிடித்து முன்பகுதி சிதைந்த நிலையில் கிழக்கு ஜெர்மனியப் பகுதியிலிருந்த ஒரு கொட்டகையில் கண்டெடுக்கப்பட்டது. போர்ஷே அருங்காட்சியகம் 2014இல் அதை ஒரு லட்சத்து ஏழாயிரம் யூரோவுக்கு வாங்கி, மூன்றாண்டுகள் செலவிட்டுப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் சிற்றுந்துகளில் ஜன்னல்கள் மிகுந்த சம்பா வகையும் இன்று லட்சம் யூரோ வரை விலை போகிறது. அவை எஞ்சியிருப்பது குறைவு என்பதே அதற்கு முதன்மைக் காரணம். பெரும்பாலானவை ஆட்களையும் சுமைகளையும் ஏற்றி ஏற்றித் தேய்ந்து, துருவாகப் போய்விட்டன.

பிராங்பேர்ட்டில் அந்தக் கண்காட்சி 2019இல் கடைசியாக நடந்தது. 2021 முதல் அது மியூனிக் நகரில் நடைபெறுகிறது. அந்த ஆண்டு பதிவான வி 300 டி வேன்கள் 2049இல் முப்பது வயதை எட்டி, 'எச்' எழுத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறும். விமான நிலைய வாயிலில் இன்று நிற்பவற்றில் எத்தனை அதுவரை ஓடும் என்பது, அவற்றின் தூரக் காட்டியைப் பார்த்த எவருக்கும் தெரியும்.